ஊட்டி 'ஷூட்டிங் ஸ்பாட்' சுற்று: எதற்குக் காசு கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம்

ஊட்டி பஸ் ஸ்டாண்டிலும் சேரிங் கிராஸிலும் காரும் வேனும் வைத்திருப்பவர்கள் நீட்டும் அட்டைகளில் 'ஷூட்டிங் ஸ்பாட் பேக்கேஜ்' கட்டாயம் இருக்கும். தலைக்குந்தா பைன் காடு, காமராஜ் சாகர் அணை, 6-ஆவது மைல், 9-ஆவது மைல், பைக்காரா அருவி, பைக்காரா படகுத்துறை என்று ஆறு இடம். கூடலூர் சாலையில் நேராகப் போய் அதே வழியில் திரும்பி வருவார்கள். காலை பத்து மணி வாக்கில் கிளம்பினால் மாலை இருட்டுவதற்குள் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

வண்டியிலும் ஓட்டுநரிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மலைப்பாதையில் கை தேர்ந்தவர்கள், பனிமூட்டத்தில் முன்விளக்கைத் தாழ்த்திப் போட்டு நிதானமாக ஓட்டத் தெரிந்தவர்கள். புல்வெளியும் தண்ணீரும் பார்த்துவிட்டு வர இந்தச் சுற்று போதும். திரையில் பார்த்த ஊரைத் தேடி வருகிறவருக்குப் போதாது. சினிமாவில் வேறொரு ஊராக நடித்த நீலகிரியின் முக்கியமான இடங்கள் குன்னூர்ப் பக்கம், ரயில் பாதையை ஒட்டிக் கிடக்கின்றன. பேக்கேஜோ அதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. 

முதலில் அட்டையில் இருப்பதைப் பார்த்துவிடுவோம். 9-ஆவது மைல் என்பது பழைய மைல் கணக்கு, ஊட்டியிலிருந்து ஏறக்குறைய 14 கிலோமீட்டர். வென்லாக் டவுன்ஸ் புல்வெளியின் ஒரு பகுதி அது. 1890-களில் சென்னை மாகாண ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரில் வழங்கும் நிலம். அலை அலையாக இறங்கும் மேடு, நடுவே சோலைத் திட்டு, அதற்கு மேல் வெறும் வானம். எந்த ஊரின் அடையாளமும் இல்லாத இந்த வெறுமைக்காகத்தான் பாட்டுக் காட்சி எடுப்பவர்கள் இங்கே வந்தார்கள். மின்கம்பம் கிடையாது, வீடு கிடையாது, கதை எந்த ஊரில் நடந்தாலும் இந்த மேடு பொருந்திவிடும்.

அங்கே போய் இறங்கிய பலருக்கும் ஏமாற்றம் வருவதற்குக் காரணம் இடத்தில் இல்லை, நிற்கும் இடத்தில் இருக்கிறது. நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே போனதும் எல்லோரும் மேட்டின் உச்சிக்கு ஏறிவிடுகிறார்கள். உச்சியிலிருந்து பார்த்தால் சாலை, வண்டி நிறுத்தம், சோளக்கடை, குதிரைக்காரர்கள் எல்லாம் கண்ணில் படும். இத்தகைய காட்சிகளில் கேமரா பெரும்பாலும் சரிவின் அடியில், புல்லோடு புல்லாகத் தாழ்ந்து, மேல்நோக்கி நிற்கும். அப்போது புல்லின் விளிம்பே தொடுவானமாகி, சாலையை மறைத்துவிடும். ஆகவே மேட்டின் பாதி உயரத்தில் இறங்கி, முழங்கால் உயரத்துக்குப் போனைத் தாழ்த்துங்கள். போன் கேமராவின் 1 மடங்கு அகலமான லென்ஸ், தூரத்து மலையைக் குன்றாக்கிக் காட்டும். 2 அல்லது 3 மடங்கு வைத்து, ஆளிடமிருந்து இருபது முப்பது அடி பின்னால் போய் எடுங்கள். பின்னணி மலை உயர்ந்து முன்னால் வரும், படத்தில் பார்த்த அளவுக்கு வரும்.

பழைய படத்தின் ஒரு ஃபிரேமைப் போனில் சேமித்துக்கொண்டு போய் ஒப்பிடுகிறவர்கள் மரத்தையோ கட்டிடத்தையோ வைத்துத் தேடக் கூடாது. சீகையும் பைனும் தைல மரமும் புல்வெளியைத் தின்றபடி பரவிய மலை இது. 1980-களில் வெறும் புல்லாக இருந்த சரிவு இன்று காடாக இருக்கலாம், வெட்டப்பட்டு மறுபடி புல்லாகவும் ஆகியிருக்கலாம். மாறாதது தொலைவில் தெரியும் மலைமுகட்டின் கோடு மட்டும்தான். அந்தக் கோட்டின் ஏற்ற இறக்கத்தை முதலில் பொருத்துங்கள், பிறகு இடமும் வலமும் நகர்ந்து முன்னால் உள்ளதைச் சரிசெய்யுங்கள். அரை மணி நேரத்தில் கிடைத்துவிடும். பேக்கேஜில் ஒரு நிறுத்தத்துக்குத் தருவது இருபது நிமிடம்.

வெளிச்சமும் ஒரு பிரச்சினை. பத்து மணிக்குக் கிளம்பி வழியில் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தினால் 9-ஆவது மைலுக்குப் போகும்போது உச்சி வெயில் வந்துவிடும், புல் வெளிறித் தட்டையாகத் தெரியும். ஓட்டுநரிடம் வரிசையை மாற்றச் சொல்லுங்கள். ஏழரைக்குக் கிளம்பி வேறெங்கும் நிறுத்தாமல் மேற்கே போனால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், எதிரே இருக்கும் சரிவில் சாய்ந்த வெளிச்சம் விழும். பைக்காராவை முடித்துவிட்டுப் பிற்பகலில் கிழக்கே திரும்பும்போதும் வெளிச்சம் முதுகில்தான். பைன் காட்டை மட்டும் திரும்பும் வழியில் வைத்துக்கொள்ளுங்கள். மரங்களுக்கு இடையே சாய்வாக ஒளி இறங்கும் நேரம் அதுதான். இந்த மாற்றத்துக்குப் பெரும்பாலும் கூடுதல் பணம் கேட்பதில்லை, காலையில் சீக்கிரம் வர வேண்டும் என்பதைத்தான் முதல் நாளே பேசிவைக்க வேண்டும்.

போகும் வழியில் இந்து நகர் வரும். அட்டையில் அதற்கு இடமில்லை, ஆனால் சினிமாவோடு அதைவிட நெருங்கிய உறவுள்ள இடம் இந்தச் சாலையில் வேறு இல்லை. 1960-ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் இங்கேதான் கருப்பு-வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் தயாரித்தது. 'இந்து' என்பது அதன் வணிகப் பெயர். மூடப்பட்ட ஆலை அது, உள்ளே போக முடியாது. இருந்தாலும் வண்டியை ஒரு நிமிடம் மெதுவாக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போக வேண்டிய இடம்.

தோடர் மந்து (தோடர் பழங்குடியினரின் ஊர்) ஒன்றையும் சில ஓட்டுநர்கள் இடையில் சேர்த்துவிடுவார்கள். அது படப்பிடிப்புத் தளமல்ல, மக்கள் குடியிருக்கும் இடம். கோவிலுக்கு அருகே போகவோ ஆட்களைப் படமெடுக்கவோ கேட்காமல் இறங்காதீர்கள்.

இனி அட்டையில் இல்லாத இடங்கள். 

முதலாவது கேத்தி ரயில் நிலையம். 1982-ல் பாலு மகேந்திரா எடுத்த 'மூன்றாம் பிறை'யின் இறுதிக் காட்சி இங்கே எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அவரே அதை இந்தியில் 'சத்மா'வாக எடுத்தார். இந்த இடத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. மற்ற படங்களில் நீலகிரி இன்னொரு ஊராக வேடம் போடும். இதில் கேத்தி கேத்தியாகவே வருகிறது. எனவே ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இதைவிட நேர்மையான இடம் மலையில் கிடையாது. 

கேத்தி என்று சொன்னால் ஓட்டுநர்கள் பலர் ஊட்டி-குன்னூர் சாலையில் இருக்கும் கேத்தி பள்ளத்தாக்குக் காட்சிமுனையில் நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து பள்ளத்தாக்கு நன்றாகத் தெரியும், படத்தில் வந்த நிலையம் அதுவல்ல. 'ஸ்டேஷனுக்கே போக வேண்டும்' என்று ஏறும்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அதைவிட நல்ல வழி, காரை விட்டுவிட்டு ரயிலிலேயே போவது. ஊட்டியிலிருந்து குன்னூர் போகும் பயணிகள் ரயில் லவ்டேல் தாண்டி அரை மணி நேரத்தில் கேத்தியில் நிற்கும். இறங்கிக்கொண்டு, எதிர்த் திசையில் வரும் அடுத்த ரயிலில் ஊட்டி திரும்பலாம். ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையே நாளுக்குச் சில ரயில்கள்தான் என்பதால், திரும்பும் ரயிலின் நேரத்தை நிலையத்தில் கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகு கிளம்புங்கள். தவறவிட்டால் சாலைக்கு ஏறி வந்து பஸ் பிடிக்க வேண்டியிருக்கும்.

ரயில் நிற்கும் நேரம் மிகக் குறைவு, அந்த நேரத்தில் இறங்கி ஓடிப் படமெடுக்க முயலாதீர்கள். இறங்கி ரயில் போகட்டும் என்று விட்டுவிட்டு, காலியான நடைமேடையில் பாருங்கள். படத்தில் அந்தக் காட்சி கொட்டும் மழையில் நடக்கிறது. மழை நாளில் போகிறவர்களுக்கே இடம் முழுதாகக் கிடைக்கும். தண்டவாளத்தில் இறங்கி நிற்பது மட்டும் வேண்டாம். ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவு அதற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. நடைமேடையின் ஓரத்திலிருந்தே படத்தின் கோணம் ஏறக்குறைய வந்துவிடும்.

இரண்டாவது, ரயில்தான். நீலகிரி மலை ரயிலை 'ஊட்டி டாய் டிரெயின்' என்று பேக்கேஜோடு சேர்த்து விற்கிறவர்கள் ஊட்டி-குன்னூர் துண்டை மட்டும் கொடுப்பார்கள். சினிமாவுக்காக வருகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது, மொத்தம் 46 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாதை இரண்டு வேறு பாதைகள் என்பதை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலான பகுதி 1899-ல் திறக்கப்பட்டது, ஊட்டி வரை நீண்டது 1908-ல். கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் ஓடும். எஞ்சினின் பற்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டுதான் 12 அடிக்கு 1 அடி ஏறும் சரிவில் வண்டியைத் தள்ளுகிறது. குன்னூருக்கு மேலே அந்தப் பட்டை கிடையாது.

திரையில் பார்க்கும் காட்சி எந்தப் பகுதி என்று கண்டுபிடிக்க இதுதான் சாவி. ஃபிரேமில் தண்டவாளத்துக்கு நடுவே பல் பட்டை தெரிந்தால் குன்னூருக்குக் கீழே. பட்டை இல்லாமல், தேயிலைச் சரிவும் திறந்த பள்ளத்தாக்கும் தெரிந்தால் குன்னூருக்கு மேலே. குகை, பாறைச் சுவர், ஆழமான பள்ளத்தின் மேல் பாலம், ஈரக்காடு என்று வந்தாலும் பெரும்பாலும் கீழ்ப்பகுதி.

இந்தச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு டேவிட் லீன் 1984-ல் எடுத்த 'எ பாசேஜ் டு இந்தியா'வைப் பாருங்கள். கதையில் கங்கைச் சமவெளியில் இருக்கும் ஊரிலிருந்து மராபார் குகைகளுக்கு ஒரு ரயில் போகிறது. திரையில் ஓடுவது நம் மலை ரயில். ஓடும் வண்டியின் வெளிப்புறத்தில் கதைநாயகன் அசீஸ் தொற்றிக்கொண்டு போகும் காட்சியும் இதில்தான். இ. எம். ஃபார்ஸ்டர் 1924-ல் வெளியிட்ட நாவலில் மராபாருக்கு முன்மாதிரி பீகாரில் உள்ள பராபர் குகைகள், கி.மு. 3-ஆம் நூற்றாண்டு மௌரியர் காலத்தவை. படத்தின் குகைப்பாறையோ கர்நாடகத்தின் சாவனதுர்கா. ஊர் பெங்களூரில் போட்ட செட். பீகார்க் கதைக்கு நீலகிரியில் ரயில் ஏறி, கர்நாடகப் பாறையில் இறங்குகிறார்கள். இது புரிந்துவிட்டால், 'மராபார் குகை எந்தப் பக்கம்' என்று மேட்டுப்பாளையத்தில் யாரையும் கேட்க வேண்டியிருக்காது. இங்கே கிடைப்பது பயணம் மட்டும், அந்தப் பயணம் அப்படியே இருக்கிறது.

மணிரத்னத்தின் 'உயிரே'யில் (இந்தியில் 'தில் சே', 1998) கதாநாயகன் முதலில் நிற்பது அசாமில் உள்ள ஹாஃப்லாங் நிலையம் என்பது கதை. ரயில் கூரை மீது ஆடும் 'தைய தையா' பாட்டு எடுக்கப்பட்டது நீலகிரியில். இந்த மாற்று பொருந்தி வருவதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. ஹாஃப்லாங் வழியாகப் போகும் அசாமின் மலைப்பாதையும் அன்று நீலகிரிப் பாதையைப் போலவே மீட்டர்கேஜ்தான் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர்), அகலப்பாதையாக மாறியது 2015-ல். குட்டையான பெட்டி, நெருக்கமான வளைவு, குகை எல்லாம் இரண்டுக்கும் பொது. மேலும் பின்திரை வைத்து ஏமாற்றாமல் ஓடும் ரயில் மேலேயே எடுத்த பாட்டு அது. 208 வளைவுகள் உள்ள பாதையில், கூரையில் ஆட்களை நிறுத்தி ஆட வைப்பது எவ்வளவு துணிச்சலான வேலை என்பது, அந்த வளைவுகளில் உள்ளே உட்கார்ந்து போகும்போதே உடம்பில் தெரியும். இன்று கூரையிலோ படியிலோ பயணம் செய்தால் 156-ஆவது பிரிவில் வழக்கு. ஜன்னலுக்கு வெளியே கையும் போனும் நீட்டுவதும் ஆபத்து, குகைச் சுவர் பெட்டிக்கு மிக நெருக்கமாக வரும்.

எனவே ரயிலுக்கான பணத்தைக் கீழ்ப்பகுதிக்குக் கொடுங்கள். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 மணிக்குக் கிளம்பும் ரயில் நண்பகல் வாக்கில் ஊட்டி வரும். ஊட்டியிலிருந்து பிற்பகல் 2 மணிக்குத் திரும்பும். இருக்கை குறைவு, சீசனில் முன்பதிவு திறந்ததும் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் இறங்கும் ரயிலுக்கு முயலுங்கள், ஏறும் ரயிலைவிட அதில் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம், பாதையும் அதே பாதை. அதுவும் இல்லையென்றால் மட்டும் குன்னூர்-ஊட்டி. ஏறும்போது எஞ்சின் பின்னால் இருப்பதால் முன்பெட்டியில் புகை வராது, முன்னால் பாதை திறந்து தெரியும். அந்தப் பெட்டியில் இடம் அமைந்தால் விடாதீர்கள். வழியில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கும் இடங்களில் இறங்கிப் பல் பட்டையைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஹில்குரோவ் நிலையத்தில் குரங்குகள் கையில் உள்ள பையையே பறித்துக்கொண்டு போகும், தின்பண்டத்தை உள்ளேயே வைத்துவிட்டு இறங்குங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை கவனம். வடகிழக்குப் பருவமழை குன்னூர், பர்லியார்ப் பக்கத்தைத்தான் அதிகம் அடிக்கும். மண் சரிந்து பாதை மூடினால் ரயிலை நாள்கணக்கில் நிறுத்திவிடுவார்கள். பைக்காராப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில், ஜூன் முதல் செப்டம்பர் வரை நனையும். இரண்டு பக்கமும் தெளிவாகக் கிடைப்பது ஜனவரியிலிருந்து மார்ச் வரை, அதுவும் காலையில்.

1992-ல் வந்த 'ரோஜா'வைப் பற்றியும் ஓட்டுநர்கள் சொல்வார்கள். காஷ்மீரில் அன்று எடுக்க முடியாத நிலை, அதனால் காஷ்மீராகக் குன்னூரும் ஊட்டியும் மணாலியும் நடித்தன. 'இதே இடம்தான்' என்று யாராவது ஒரு சரிவைக் காட்டினால், அதில் தேயிலை இருக்கிறதா என்று பாருங்கள். காஷ்மீரில் தேயிலைத் தோட்டம் கிடையாது. காஷ்மீராக நடிக்க வேண்டிய ஃபிரேமுக்குள் தேயிலைப் புதர் நுழைந்தால் குட்டு உடைந்துவிடும்.

வாடகை பேசும்போது ஏறும் முன்பே கேட்டு முடிக்க வேண்டியவை சில உண்டு. பார்க்கிங், நுழைவுச் சீட்டு உள்ளடக்கமா? காத்திருப்புக்குத் தனிக் காசா? கிலோமீட்டர் கணக்கா, நாள் கணக்கா? ஹோட்டல் வாசலில் ஏற்றி அங்கேயே இறக்குவார்களா? சாக்லேட் கடை, தைலக் கடை, டீ ஃபேக்டரி நிறுத்தங்களை அட்டையில் இருந்து எடுக்கச் சொல்லுங்கள், மொத்தத்தில் ஒன்றரை மணி நேரம் மிச்சமாகும். அந்த நேரம் 9-ஆவது மைலில் நின்று கோணம் தேடப் போதும். சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிகள்தான் என்று வரம்பும் வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6000, வார இறுதியில் 8000. கொடைக்கானலுக்கு 4000, 6000. பஸ்ஸிலும் ரயிலிலும் வந்தால் இந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள்.

கொடைக்கானலில் இதே சேவை இன்னும் எளிது. பைன் காடு, மோயர் பாயிண்ட், குணா குகை, தூண் பாறை நான்கும் ஒரே வழியில் அடுத்தடுத்து வருவதால் ஓட்டுநர் விட்டுவிட்டுப் போவதற்கில்லை. 'ஜோ ஜீத்தா வஹி சிக்கந்தர்' என்ற 1992 இந்திப் படத்துக்கு டேராடூனாக நடித்தது கொடைக்கானலும் ஊட்டியும்தான். ஆனால் இங்கே கூட்டம் முழுக்க ஒரு குகைக்குத்தான். 1821-ல் பி. எஸ். வார்டு என்ற ஆங்கிலேய அதிகாரி கண்டதாகச் சொல்லப்படும் இந்த இடத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'டெவில்ஸ் கிச்சன்'. 1991-ல் 'குணா' வந்த பிறகு படத்தின் பெயரே இடத்தின் பெயராக நிலைத்துவிட்டது. 'கண்மணி அன்போடு' பாட்டுக் காட்சி இங்கே எடுக்கப்பட்டது.

2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' பார்த்துவிட்டு வருகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது: அந்தப் படத்தில் குகைக்குள் நடப்பவை பெரும்பாவூரில் போட்ட செட்டில் எடுக்கப்பட்டவை. 2006-ல் ஒருவர் குகைக் குழியில் விழுந்த விபத்து உண்மை, வெளிப்புறக் காட்சிகள் கொடைக்கானல், உள்ளே இருக்கும் குழி கேரளத்தில் கட்டியது. இங்கே நீங்கள் பார்க்கப்போவது கம்பி வேலிக்கு வெளியிலிருந்து பாறை இடுக்குகளையும், அதற்குப் போகும் வழியில் தரையெங்கும் பின்னிப் படர்ந்த சோலை மரத்து வேர்களையும்தான். குகைக்குள் யாருக்கும் அனுமதி இல்லை, இருக்கவும் கூடாது. பாறைகளுக்கு இடையே இருக்கும் பிளவுகளை இலைச்சருகு மூடியிருக்கும், பார்த்தால் தரை மாதிரியே தெரியும். உயிர்கள் போனது அப்படித்தான். 'பின்பக்கமாக இறக்கிக் காட்டுகிறேன்' என்று யார் சொன்னாலும் போகாதீர்கள்.

அந்த வேர்களே இந்த நிறுத்தத்தின் முழு மதிப்பு, நிதானமாகப் பாருங்கள். வேரில் ஈரம் இருக்கும், செருப்பு வழுக்கும், அடியில் வெட்டு உள்ள ஷூ போட்டு வாருங்கள். நான்கு இடங்களில் தூண் பாறைக்கு முதலில் போங்கள். 122 மீட்டர் உயரம் நிற்கும் மூன்று பாறைகளும் பத்து மணிக்கு மேல் பள்ளத்திலிருந்து ஏறும் மேகத்தில் மறைந்துவிடும், பிறகு வேலிக்கு அப்பால் வெறும் வெள்ளைதான். குணா குகையையும் பைன் காட்டையும் பனி ஒன்றும் செய்யாது, அவற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். வேன்கள் எல்லாம் எதிர் வரிசையில், பைன் காட்டிலிருந்து தொடங்கி வரும். எட்டரைக்கே ஏரியைத் தாண்டிவிட்டால் தூண் பாறையில் வண்டி நிறுத்த இடமும் கிடைக்கும்.